ஊதுவத்திப் புகை போகும் பக்கம்

போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். உடம்பை வாங்கி வர விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களோடு நானும் போக வேண்டியதாயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கம் நான் கால் வைத்ததில்லை. நான் வேலை பார்த்த பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். புதுக் கட்டடத்தின் சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு காற்றாடி பதித்திருந்தார்கள். உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிற காற்றாடி. உள்ளே பிணம் அறுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. காற்றாடி நின்றிருந்தது.

வெளியே வந்த ஊழியரிடம் ரிப்பேரா என்று கேட்டேன்.

"ரிப்பேர்லாம் இல்ல பெரியவரே. போட்டா ஒரே சத்தம், பேஜாரு. நாத்தம் ஜாஸ்தியா இருந்தா மட்டும் போட்டுக்குவோம்."

நான் யார் என்று தெரிந்ததும் அவர் மரியாதையாக நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஊழியர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடிதம் எழுதவே யோசிப்பவன். ஆனாலும் 'நாத்தம் ஜாஸ்தியா இருந்தா மட்டும்' என்று அவர் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். மழை பெய்தால் சுவர் இடியுமோ என்று பயம். பெய்யாவிட்டால் கிணறு வற்றுமோ என்று பயம். இப்படிப்பட்டவன் எப்படிப் பிணம் அறுக்கும் வேலைக்கு வந்தான் என்று கேட்டால், வந்தது நானாக இல்லை. என் அப்பா திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பெருக்குகிற வேலை செய்தார். அவர் செத்ததும் எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். பெருக்குகிற இடம் காலி இல்லை, பிண அறையில்தான் காலி என்றார்கள். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்த வேலைக்கு வர மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திண்டிவனத்தில் நான் தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே இருந்தவர் நடேசன் என்கிற வயதானவர். உடம்பு வந்ததும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துவார். ஈ வரக் கூடாது, காக்கா வரக் கூடாது, வேடிக்கை பார்க்க ஆள் வரக் கூடாது. பினாயிலை ஊற்றிக் கழுவுவார். சாம்பிராணி போடுவார். நாற்றம் அடங்கினால் நோயும் அடங்கிவிட்டது என்பது அவர் கணக்கு. மூக்கில் கற்பூரத் துணியைக் கட்டிக்கொண்டு நானும் அப்படியே நம்பினேன். எப்படி வெட்டுவது, எப்படித் தைப்பது என்பதெல்லாம் அவரிடம்தான் கற்றேன். அந்தத் தையலில் இன்றும் குறை சொல்ல முடியாது.

பிறகு விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். ரயில் ஜங்ஷன் இருக்கிற ஊர். தண்டவாளத்தில் அடிபட்ட உடம்புகள் அடிக்கடி வரும். அங்கே எனக்கு மூத்தவராக இருந்தவர் அந்தோணி. கூட்டேரிப்பட்டுப் பக்கத்துக்காரர். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஆள் நல்ல உயரம், சிரித்த முகம். எந்த மதத்து உடம்பு வந்தாலும் மேடையில் கிடத்தியவுடன் மார்பின் பக்கத்தில் ஒரு ஊதுவத்தி கொளுத்தி வைப்பார். சின்ன மண் அகலில் மணல் நிரப்பி அதில் குத்தி வைப்பார். சாமி கும்பிடுவதற்காக அல்ல.

"வூட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கறதில்லையா? அது மாதிரிதான் கோயிந்தா. இவங்களால தண்ணி குடிக்க முடியாது" என்பார்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் பயத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் நுழைவேன். அப்போதுதான் எனக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதைத் தூக்க மாட்டேன். என் மனைவி பச்சையம்மாள் கோபித்துக்கொள்வாள். இதைச் சொன்னால் அந்தோணி அண்ணன் சிரிப்பார்.

"நீ இன்னாத்துக்குடா பயப்படற? செத்தவன் எழுந்து வந்து கடிப்பானா? உயிரோட இருக்கறவன்தான் கடிப்பான்."

"கடிக்க மாட்டாங்கண்ணா. ஆனா மூச்சு?"

"செத்தவனுக்கு ஏதுடா மூச்சு?"

இதற்குப் பதில் சொன்னவர் டாக்டர்.

சபேசன் என்று பெயர். நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த ஆள், மெதுவாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதற்கு முன்பு இருந்த டாக்டர்கள் வாசல்படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, வெட்டு, காட்டு, போதும் என்பார்கள். இவர் உள்ளே வருவார். எங்கள் அறை ஆஸ்பத்திரியின் பின் மதிலை ஒட்டி இருந்தது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை. நடுவில் சிமெண்டு மேடை. கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல், ஆள் நெஞ்சு உயரத்தில். அவர் முதல் நாள் வந்தபோது இரண்டும் சாத்தியிருந்தன. சாம்பிராணிப் புகை நிறைந்திருந்தது.

"என்னய்யா, கோயிலா நடத்தறீங்க?" என்றார்.

"நாத்தத்துக்குங்க ஐயா" என்றார் அந்தோணி அண்ணன்.

"நாத்தம் ஒண்ணும் செய்யாதுய்யா. வாந்தி வரும், அவ்வளவுதான். வாசனையே இல்லாம ஒண்ணு வரும், அதுக்குத்தான் பயப்படணும்." பிறகு என்னைப் பார்த்தார். நான் பயப்படுகிறவன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது போல. "சயரோகத்துல செத்தவனுக்கு மூச்சு நின்னு போச்சு, சரி. விலா எலும்பை வெட்டி நுரையீரலை வெளியே எடுக்கிறீங்களே, அதை அமுக்கும்போது உள்ள இருக்கிற காத்து எங்க போகும்? உங்க மூஞ்சிக்குத்தானே?"

அன்றைக்கு அவர் இரண்டு ஜன்னலையும் திறக்கச் சொன்னார். சாம்பிராணிச் சட்டியை வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். ஊதுவத்தியை எடுக்கப் போன அந்தோணி அண்ணனை, "அது இருக்கட்டும்" என்று நிறுத்தினார். குனிந்து அதன் புகையைப் பார்த்தார். மேற்கு ஜன்னலிலிருந்து வந்த காலைக் காற்றில் புகை சாய்ந்து கிழக்கு ஜன்னல் வழியே போய்க்கொண்டிருந்தது.

"அந்தோணி, நீ இப்ப நிக்கிற இடத்துக்குத்தான் புகை வருது. இந்தப் பக்கம் வா. காத்து உன் முதுகுல படணும். முதுகுல பட்டு, உடம்பு மேல போய், வெளிய போகணும்."

இதுதான் எங்களுக்கு முறையானது. உடம்பு வந்ததும் ஜன்னலைத் திற. வத்தியைக் கொளுத்து. புகை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நில். நெஞ்சைத் திறக்கும்போது மேலே ஈரத்துணி போட்டு, துணிக்கு அடியில் வெட்டு. நுரையீரலை அமுக்காதே, ஏந்தி எடு. மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பும். அப்போது வேலை பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, மேடையைச் சுற்றி மறுபக்கம் வந்து நில். டாக்டர் கையுறை போடுவதற்கு முன்னால் வத்தியைத்தான் பார்ப்பார். காற்றே இல்லாமல் புகை செங்குத்தாக நின்றால் புளியமரத்தடியில் போய்க் காத்திருப்பார். போலீஸ்காரர் அவசரப்படுத்தினால், "செத்தவருக்கு அவசரம் இல்ல, உங்களுக்கு என்ன?" என்பார்.

எனக்கு உயிர் வந்தது. பயத்துக்கு ஒரு திசை கிடைத்தது என்று சொல்லலாம். என் பெண்ணைத் தூக்க ஆரம்பித்தேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பெண் உடம்பு வந்தால் ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். இது ஆஸ்பத்திரி விதி அல்ல, எங்கள் இருவருடைய வழக்கம். நெஞ்சு உயர ஜன்னலில் ஊர் ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். டாக்டர் அதற்காக வேட்டித் துணியில் திரை கட்டச் சொல்லியிருந்தார். திரைக்கு மேலே காற்று வரும். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது.

திருவாமாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் உடம்பு வந்த நாளில் அது போதவில்லை. கிணற்றில் விழுந்த உடம்பு. விழுந்தாளா தள்ளினார்களா என்று ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கை மண்ணோடு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். புருஷன் வீட்டார் ஒரு ஜன்னலில், பிறந்த வீட்டார் ஒரு ஜன்னலில். வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று திரைக்கு மேல் பார்த்தார்கள். ஒரு ஆள் திரையை இழுத்தே விட்டான். கூட வந்த கான்ஸ்டபிள் ஒருவர்தான். அவரால் விரட்ட முடியவில்லை.

அந்தோணி அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, என்னால முடியாது. இந்தப் பொண்ணுக்கு என் தங்கச்சி வயசு இருக்கும். இத்தினி ஆம்பளைங்க பாக்க நான் துணிய எடுக்க மாட்டேன். ஜன்னல சாத்துங்க."

டாக்டர் வத்தியைப் பார்த்தார். மூடின முகத்தோடு கிடந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார். உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. கிணற்றில் விழுந்தவள் இவ்வளவு மெலிந்திருக்க வேண்டியதில்லை. அதை அவரும் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். வெளியே சத்தம் கூடிக்கொண்டே போனது.

"சரி. சாத்து" என்றார். மிக மெதுவாகச் சொன்னார்.

ஜன்னல்களைச் சாத்தியதும் இருட்டாகிவிட்டது. எங்கள் அறைக்கு அப்போது கரண்டு வரவில்லை. கான்ஸ்டபிள் வார்டிலிருந்து ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்தார். "எங்க மாட்டறது?" என்று கேட்டார். "தோ, என் தலைக்கு நேரா மாட்டு. வெளிச்சம் கையில உழணும்" என்றார் அந்தோணி அண்ணன். உத்தரத்துக் கொக்கியில் மாட்டினார்கள். விளக்கு இரைந்துகொண்டு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அறை அடுப்பு மாதிரி ஆனது.

நான் கால்மாட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கண் வழக்கம்போல வத்தியின் மேல் இருந்தது. காற்று இல்லாததால் புகை முதலில் நேராக நின்றது. விளக்கு சூடேற ஏற அது வளைந்தது. உடம்பின் மேலே தவழ்ந்து, அண்ணனின் தாடையைத் தொட்டு, மூக்கைத் தாண்டி, விளக்கை நோக்கி ஏறிப் போனது. யாரோ நூல் பிடித்து இழுப்பது போல.

"அண்ணா, புகை உன் மூஞ்சி வழியாப் போவுது."

"புகைதானடா. பீடிய வுடவா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். புகையையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தோணி, தலையைச் சாய்ச்சுக்கோ. ஜல்தி முடி" என்றார். ஆனால் தலையைச் சாய்த்தால் கை தெரியாது. ஈரத்துணி அந்தச் சூட்டில் காய்ந்து காய்ந்து போனது. நான் நனைத்துக்கொண்டே இருந்தேன். விலாவைத் திறந்து நுரையீரலை எடுத்தபோது டாக்டர் குனிந்து பார்த்தார். மேல்பகுதி முழுக்கப் பொத்தலாக, தயிர்க்கட்டி மாதிரி இருந்தது. நாற்றமே இல்லை. கிணற்று நீரின் பாசி வாடைதான் இருந்தது.

அந்தப் பெண் தள்ளப்படவில்லை என்று டாக்டர் எழுதினார். சயரோகம் முற்றி, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இருந்தவள் என்றார். இரண்டு வீட்டாரும் சண்டை போட ஒன்றுமில்லாமல் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அந்தோணி அண்ணன் கை கழுவிக்கொண்டே, "பாவம். யாரும் பாக்கலியே, அது போதும்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. அது அந்தப் பெண்ணிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் எனக்கு முன்பிருந்தே சாத்திய அறையில் எத்தனையோ உடம்புகளைத் திறந்தவர். டாக்டரே சொன்னார், "எப்ப வந்ததுன்னு எப்படிய்யா சொல்றது?" என்று. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் புகை வளைந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது.

அண்ணனை மதராஸ் பக்கம் சயரோக சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். ஊசி, மாத்திரை எல்லாம் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் வெகு நாள் பிடித்தது. இங்கே நான் தனியாக அறுத்தேன். என் பயம் பழையபடி வந்தது. தொண்டையில் சளி கட்டினால் துப்பி, அதில் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். குழந்தையை மறுபடி தூக்காமல் விட்டேன். அதற்குள் அது நடக்கிற பிள்ளை. கையை நீட்டிக்கொண்டு ஓடி வரும். நான் கிணற்றடிக்கு ஓடுவேன்.

டாக்டர் அந்த நாட்களில் யாரோடும் சிரித்துப் பேசியதில்லை. ஒருநாள் கட்டட ஓவர்சியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேடைக்கு அந்தப் பக்கம், அறுப்பவனுக்கு எதிரே, கூரையைத் தாண்டி உயரமாக ஒரு புகைக்கூண்டு கட்ட வேண்டும் என்றார். சுவரின் அடியில், அறுப்பவன் முதுகுக்குப் பின்னால், வரிசையாகக் கம்பி போட்ட துளைகள் வேண்டும் என்றார். ஜன்னலைச் சாத்தினாலும் காற்று அங்கே நுழைந்து இங்கே வெளியேற வேண்டும்.

"இன்னா சார், சமையல்கட்டா கட்றோம்? கீழ அடுப்பே இல்லாம புகைக்கூண்டு எதை இழுக்கும்?" என்றார் ஓவர்சியர்.

"அடுப்பு கீழே வேண்டாம். கூண்டுக்குள்ளேயே ஒரு விளக்கை ஏத்தி வைக்கணும். விளக்கு இருக்கிற பக்கம் காத்து போகும். எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர்.

ஓவர்சியருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது. அண்ணனின் தலைக்கு மேல் தொங்கிய விளக்கைத்தான் அவர் கூண்டுக்குள் மாற்றி வைக்கப் பார்த்தார்.

கூண்டு பாதி எழும்பியபோது மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாள்.

"ஏன்யா டாக்டரே, பொணக்காத்த எங்க வூட்டு மேல வுடப் போறீங்களாமே? எங்க புள்ளைங்க புள்ளைங்க இல்லியா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. என் மனதில் ஓடியதும் அதே கேள்விதான். டாக்டர் வாதாடவில்லை. கூண்டு கட்டி முடிகிற வரை பொறுங்கள் என்றார். முடிந்ததும் அவளையே வரச் சொல்லி, கூண்டுக்குள் ஈர வைக்கோலைக் கொளுத்தினார். புகை தென்னை மரத் தலைக்கு மேலே ஏறி அங்கேயே கரைந்தது.

"மேலே வெய்யில்ல கரைஞ்சு போற காத்து யாரையும் ஒண்ணும் பண்ணாதும்மா. ரூமுக்குள்ள அடைஞ்சு கிடந்தாத்தான் ஆபத்து."

"மழ காலத்துல கீழ எறங்குனா?"

"முதல்ல என் ரூமுக்குத்தான் வரும். அதுதான் பக்கத்துல இருக்கு."

அவள் டாக்டர் அறையின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படின்னா சரி" என்று போய்விட்டாள்.

பிறகு வந்த வருடங்களில் ஆணோ பெண்ணோ, ஜன்னலைச் சாத்திக்கொண்டே வேலை செய்தேன். முதலில் கூண்டு விளக்கு, பிறகு ஊதுவத்தி. புகை உடம்பின் மேல் படுத்தாற்போல் போய், மேடையின் மறுபக்கம் திரும்பி, கூண்டுக்குள் ஏறும். அதைப் பார்க்காமல் நான் ஒரு உடம்பையும் தொட்டதில்லை. எனக்கு நோய் வரவில்லை. கூண்டினாலா, விதியினாலா, தெரியாது. பச்சையம்மாள் ஒருநாள் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அது தூங்கிப்போகும் வரை நான் மூச்சை அடக்கி அடக்கி விட்டேன்.

அந்தோணி அண்ணன் திரும்பி வந்தார். ஒரு பக்க நுரையீரல் வேலை செய்யாது என்றார்கள். கத்தியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கேட் பக்கம் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். கூண்டைக் காட்ட அவரை அழைத்துப் போனேன். விளக்கேற்றி வத்தியைக் கொளுத்தினேன். வெகுநேரம் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இழுக்குதுடா" என்றார். "என்னை வுட நல்லா இழுக்குது."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை. நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கலாம். கொஞ்சம் தள்ளி நின்றேன்.

சில வருடங்கள் கேட்டில் உட்கார்ந்திருந்தார். நோய் மறுபடி வந்தது. வார்டிலேயே இறந்துபோனார். டாக்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அண்ணனின் மகன் வெளியூரிலிருந்து ரயிலில் வர வேண்டும் என்பதால், அது வரை உடம்பை எங்கள் அறையில் வைக்கச் சொன்னார்கள். அறுக்க வேண்டியதில்லை, வைத்திருந்தால் போதும்.

நான்தான் கிடத்தினேன். அவருடைய மண் அகல் அங்கேயே இருந்தது. மணலைக் கொட்டிப் புதுசாக நிரப்பி, மார்பின் பக்கத்தில் வத்தியைக் கொளுத்தி வைத்தேன். கூண்டு விளக்கையும் ஏற்றினேன். திறக்கப் போகாத உடம்பு. டாக்டர் இருந்திருந்தால் ஒன்றும் பயப்பட வேண்டாம் என்றிருப்பார். ஆனாலும் என் கால்கள் தாமாகவே மேடையைச் சுற்றிக்கொண்டு துளைகள் இருக்கிற சுவர்ப் பக்கம் வந்து நின்றன.

அவர் மனைவி மேரியம்மா உள்ளே வந்தாள். கூண்டுப் பக்கம் போய், அவர் முகத்தின் மேல் குனிந்து, நெற்றியில் கை வைத்தாள். புகை அவள் முந்தானையைத் தொட்டுக்கொண்டு போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அந்தப் பக்கம் நிக்காதீங்க. காத்து அப்படிப் போவுது. இந்தப் பக்கம் வாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"இத்தினி வருசம் இவரு மூச்ச மூஞ்சில வாங்கிக்கினுதானே தம்பி படுத்தேன்" என்றாள். "எங்க வூட்டுல ஏது ரெண்டு பக்கம்?"

அவர்கள் வீடு எனக்குத் தெரியும். ஒரே அறை. ஒரு கதவு. ஜன்னல் கிடையாது.

மகன் வருகிற வரை அவள் அந்தப் பக்கமே நின்றாள். நான் இந்தப் பக்கமே நின்றேன். வத்தி எரிந்து முடிந்ததும் இன்னொன்றை எடுத்து, கையை மட்டும் நீட்டி அகலில் குத்தி வைத்தேன்.